மூன்றணாக் கணக்கு

நாளொன்றுக்கு மூன்றணா! ஒரு மனிதனின் சோறு, துணி, விளக்கெண்ணெய், மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றே அணா! இந்நாட்டில் 27 கோடிப் பேர் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள் என்று 1963ஆம் வருடம் ஆகஸ்டு மாதம் டில்லிப் பார்லிமெண்டில் எழுந்து சொன்னார் டாக்டர் ராம் மனோகர் லோகியா.

அணாவைக் கையால் தொட்டவர்கள் இன்று நம்மிடையே குறைவு. பதினாறு அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. மாற்றுப் பட்டியலில் மூன்றணாவுக்கு 19 நயா பைசா என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஆனால் கடைத்தெருவிலும் கூலிக் களத்திலும் மக்கள் அணாவிலேதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். லோகியாவும் அந்தக் கணக்கையே சபைக்குக் கொண்டுபோனார். தேசிய வருமானம், தலா விகிதம் என்று பேசியிருந்தால் அன்று மாலையே அது மறந்து போயிருக்கும். மூன்றணா என்றார், நாடு முழுவதும் கேட்டது.

அந்தச் சபையில் அவருடைய பலம் என்ன? 1962 பொதுத் தேர்தலில் காங்கிரசுக்கு லோக்சபையில் 361 இடங்கள். லோகியாவின் சோஷலிஸ்ட் கட்சிக்கு ஆறு! அந்தத் தேர்தலில் அவரே பூல்பூரில் பண்டித நேருவை எதிர்த்து நின்று தோற்றவர். 1963இல் பரூக்காபாத் இடைத் தேர்தலில் வென்றுதான் முதல் தடவையாக லோக்சபைக்குள் காலடி வைத்தார். அதே சமயத்தில் அம்ரோஹாவிலிருந்து ஆச்சார்ய கிருபளானியும் ராஜ்கோட்டிலிருந்து மினூ மசானியும் இடைத் தேர்தலில் ஜெயித்து வந்தார்கள்.

அன்றைய நிலைமையையும் சொல்ல வேண்டும். 1962இல் சீனப் போரில் பட்ட அடி ஆறவில்லை. யுத்தச் செலவுக்காக வரிகள் ஏறின. கட்டாய சேமிப்புத் திட்டம் என்று கூலிக்காரன் பையிலும் கை விட்டார்கள். தங்கக் கட்டுப்பாடு வந்து பொற்கொல்லர்களின் பட்டறையை மூடியது. இந்தச் சூழ்நிலையில்தான் நேரு சர்க்காரின் மீது கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவின் லோக்சபையில் நடந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதம் அதுதான். நான்கு நாட்கள் நடந்தது. சபையில் பேசிய பலர் சீனாவைப் பற்றிப் பேசினார்கள், அணிசேராக் கொள்கையைப் பற்றிப் பேசினார்கள். லோகியா ஏழையின் மடியை அவிழ்த்துக் காட்டினார். பிரதமருக்காக ஒரு நாளைக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்று அதற்குப் பக்கத்தில் இன்னொரு தொகையையும் வைத்தார்.

நேரு விட்டுவிடவில்லை. மூன்றணா என்பது தவறு, திட்டக் கமிஷனின் புள்ளிவிவரப்படி பதினைந்து அணா என்றார்.

மூன்றணா எங்கே, பதினைந்து அணா எங்கே? ஐந்து மடங்கு! இருவரில் ஒருவர் பொய் சொன்னாரா? இல்லை. இங்கேதான் தோழர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். சர்க்கார் சொன்னது சராசரி. நாட்டின் மொத்த வருமானத்தை ஒரு குவியலாகக் கொட்டி, மக்கள் தொகையால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று எழுதுவது. நாளைக்குப் பதினைந்து அணா என்றால் வருடத்துக்கு 342 ரூபாய் சொச்சம். வகுத்தல் கணக்கில் பிழையில்லை. வகுத்துக் கொடுத்தார்களா என்பதே கேள்வி!

ஒரு டீக்கடை பெஞ்சை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேர் மடியில் ஆளுக்கு இரண்டணா. பத்தாமவர் மில் முதலாளி. வழி தவறி வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பையில் எட்டு ரூபாய் நாலணா. எல்லாவற்றையும் கூட்டினால் 150 அணா. பத்தால் வகுத்தால் ஆளுக்குப் பதினைந்து அணா! கணக்கு வாத்தியார் சரி என்று மார்க் போடுவார். ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவன் பதினைந்து அணாவுக்குச் சாப்பாடு கேட்டுப் பார்க்கட்டும், கடைக்காரர் என்ன சொல்வார்?

முதலாளியையும் ஜமீன்தாரையும் முன்னாள் மகாராஜாவையும் கூலிக்காரனோடு ஒரே பெஞ்சில் உட்காரவைத்து சராசரி எடுக்காதீர்கள், அடியில் கிடக்கும் 27 கோடிப் பேரைத் தனியாக எண்ணுங்கள் என்பதே லோகியாவின் வாதம். அப்போது நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 44 கோடி. அதில் 27 கோடி என்றால் நூற்றுக்கு அறுபதுக்கும் சற்று மேல்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விவகாரம் தீர்மானத்தோடு முடியவில்லை. வருமானக் கணக்கு மீண்டும் சபைக்கு வந்தது. திட்ட மந்திரியாக இருந்த குல்சாரிலால் நந்தா பதில் சொன்னார். அடிமட்டத்திலுள்ள நூற்றுக்கு அறுபது பேருக்கு நாளொன்றுக்கு ஏழரை அணா என்றார். பதினைந்து ஏழரையாகிவிட்டது! சரிபாதி! இந்தப் பாதியைச் சர்க்கார் தானாகவா சொன்னது? ஆறு பேர் கட்சியைச் சேர்ந்த ஒருவர் எழுந்து நின்று கேட்டிராவிட்டால், அறுபது பேர் எப்படி வாழ்கிறார்கள் என்ற கணக்கு திட்டக் கமிஷனின் அலமாரியிலேயே தூங்கியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1962இல் திட்டக் கமிஷனின் முன்முயற்சியில் அமைந்த ஒரு நிபுணர் குழு, ஒரு மனிதனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 20 ரூபாய் வேண்டும் என்று 1960-61 விலைவாசிப்படி நிர்ணயித்திருந்தது. வைத்தியமும் படிப்பும் அதில் சேரவில்லை. அவற்றை சர்க்கார் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். இருபது ரூபாய் என்றால் நாளைக்குப் பத்தரை அணாவுக்குச் சற்று மேல். நந்தாவின் ஏழரை அணாவை முப்பதால் பெருக்குங்கள்: 14 ரூபாய் ஓரணா. ஆகவே, மந்திரி சொன்ன தொகையையே எடுத்துக்கொண்டாலும், நிபுணர்கள் வகுத்த குறைந்தபட்சத்துக்கு மாதம் ஏறத்தாழ ஆறு ரூபாய் குறைவு. அதுவும் ஐந்தோ பத்தோ பேருக்கல்ல, நூற்றுக்கு அறுபது பேர் கொண்ட அந்தக் கூட்டத்துக்கு!

லோகியாவின் மூன்றணா சரியான தொகைதானா? நம்மிடமும் நாணயம் இருக்க வேண்டுமல்லவா? பின்னாளில் அலசப்பட்ட குடும்பச் செலவுக் கணக்குகள் மூன்றணாவை அப்படியே உறுதிசெய்யவில்லை. அடியில் கிடந்த அறுபது பேரின் சராசரி நந்தா சொன்ன தொகைக்குத்தான் அருகில் வருகிறது. அந்த அறுபதிலும் அடிமட்டத்தில் கிடந்தவனுக்கு ஏழரையும் கிடையாது என்பது வேறு விஷயம். லோகியா மிகைப்படுத்தினார் என்று ஒருவர் சொன்னால் நாம் மறுக்க மாட்டோம். பதினைந்தணா என்ற பதிலும் மூன்றணா அளவுக்கே உண்மையை விட்டு விலகியிருந்தது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லட்டும்.

மொழி விஷயத்தில் அவரோடு நமக்கு ஒத்துப்போகாது. ஆங்கிலத்தை அகற்று என்று அவர் இயக்கம் நடத்தினார். லோக்சபையிலும் இந்தியிலேயே பேசினார். ஆங்கிலம் மேட்டுக்குடியின் கோட்டை மதில் என்பது அவர் வாதம். அந்த மதில் இடிந்தால் இந்தி பேசாதவன் தலையில் எது விழும் என்று தமிழன் கேட்டதற்கு அவரிடமிருந்து திருப்தியான பதில் கிடைக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம். ஆனால் பசிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மூன்றணா என்று அவர் இந்தியில் சொன்னது திருநெல்வேலி பீடித் தொழிலாளிக்கும் விளங்கியிருக்கும்.

கூச்சல் போடும் ஆசாமி என்று அவரை ஒதுக்கிவிடப் பார்த்தவர்கள் உண்டு. 1933இல் பெர்லின் சர்வகலாசாலையில் உப்பு வரியைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர். ஏழையின் சோற்றில் விழும் வரியை எண்ணிப் பழகியவருக்கு ஏழையின் அணாவை எண்ணத் தெரியாதா? குறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவும் இல்லை. ஆலைப் பொருளின் விலை உற்பத்திச் செலவைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றார். வசதியுள்ளவர்களின் மாதச் செலவுக்கு உச்சவரம்பு கட்டச் சொன்னார். இவற்றை எந்த சர்க்காரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கிருபளானியின் தீர்மானத்துக்கு ஆதரவாக 62 ஓட்டுகள் விழுந்தன, எதிராக 347. அதே ஆகஸ்டில்தான் காமராஜ் திட்டத்தின்கீழ் மத்திய மந்திரிகளும் ராஜ்ய முதல் மந்திரிகளும் பதவி விலகும் ஏற்பாடு வந்தது. பத்திரிகைகளின் முதல் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1964 மே மாதம் நேரு காலமானார். 1967 அக்டோபர் 12இல் டில்லி வில்லிங்டன் ஆஸ்பத்திரியில் லோகியாவும் கண்ணை மூடினார்.

அவர் எழுப்பிய கணக்கோ ஓயவில்லை. 1971இல் பூனாவைச் சேர்ந்த பொருளாதார அறிஞர்கள் தாண்டேகரும் ரத்தும் இந்திய வறுமையைப் பற்றித் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள்.  கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 15 ரூபாய், பட்டணத்தில் இருபத்திரண்டரை ரூபாய் என்று குறைந்தபட்சத்தை வைத்துக்கொண்டு 1960-61க்குக் கணக்குப் போட்டார்கள். கிராமத்தில் நூற்றுக்கு நாற்பது பேரும் பட்டணத்தில் நூற்றுக்கு ஐம்பது பேரும் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றார்கள். சராசரியைக் காட்டி அவர்களுக்கு எந்த மந்திரியும் பதில் சொல்லவில்லை.