உங்களுக்குத் தெரியுமா? காணாமல் போன கடிகாரம்

● அமெரிக்கப் பூர்வகுடிகளைப் படமெடுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் எட்வர்ட் கர்ட்டிஸ். 1910 வாக்கில், பீகன் இனத் தந்தையையும் மகனையும் கூடாரத்துக்குள் உட்காரவைத்து எடுத்தார். இருவருக்கும் நடுவே ஓர் அலாரம் கடிகாரம். புத்தகத்தில் அச்சான படத்தில் அது இல்லை! அழிந்துவரும் இனம் என்று சொல்லியாயிற்று. அவர்கள் மணி பார்த்தால் எப்படி?

● ஆவணப்படங்களின் முன்னோடி என்று கொண்டாடப்படுவது 'நானூக் ஆஃப் த நார்த்' (1922). நாம் பள்ளியில் எஸ்கிமோ என்று படித்தோமே, அந்த இனுயிட் மக்களைப் பற்றியது. நாயகனின் நிஜப் பெயர் நானூக் அல்ல, அல்லகரியல்லாக். அந்த மக்கள் கைக்குத் துப்பாக்கி வந்த பிறகும், ஈட்டியால்தான் வேட்டையாட வேண்டும் என்றார் இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி. பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. பாதி வீட்டை மட்டும் கட்டி, கூரையில்லாத குளிரில் குடும்பத்தைத் தூங்கி எழவைத்தார். கிராமபோன் தட்டை நாயகன் வியந்து கடித்துப் பார்ப்பாரே, அதுவும் நடிப்புதான். படத்துக்குப் பணம் போட்டது, அந்த மக்களிடம் விலங்குத் தோல் வாங்கி விற்ற பிரெஞ்சு கம்பெனி.

● அந்தப் படத்தில் மனைவியாக நடித்த பெண்ணுக்கும் ஃபிளாஹர்ட்டிக்கும் ஒரு மகன் பிறந்தான். அப்பா ஊர் திரும்பினார். பிள்ளையை வந்து பார்க்கவேயில்லை. 1950-களில் கனடா அரசு, 'அங்கே வேட்டை நன்றாகக் கிடைக்கும்' என்று ஆசைகாட்டி, அந்த மகனின் ஊரான இனுக்ஜுவாக்கிலிருந்து சில இனுயிட் குடும்பங்களைச் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது. குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு மேல் சூரியனே எட்டிப் பார்க்காத இடம். அந்த மகனின் குடும்பமும் அதில் உண்டு. அரசு மன்னிப்புக் கேட்டது 2010-ல்.

● ஜான் ஃபோர்டின் 'செயேன் ஆட்டம்' (1964) படத்தில் செயேன் இனத்தவராக வந்த துணை நடிகர்கள் பலர் நவஹோ என்ற வேறொரு பூர்வகுடி இனத்தவர். பேசியதும் நவஹோ மொழிதான். கம்பீரமான காட்சிகளில் வாய்க்கு வந்த கேலியைப் பேசிவைத்தார்களாம். இயக்குநருக்குப் புரியவில்லை, நவஹோ ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

● கனடாவின் இக்லூலிக் ஊர் இனுயிட் மக்கள், 'எங்கள் மொழியில் நிகழ்ச்சி இல்லையே' என்று 1975-லும் 1979-லும் ஓட்டுப் போட்டே டி.வி.யை வேண்டாம் என்றார்கள்.

● அதே ஊர்க்காரர் ஜக்காரியாஸ் குனுக். கல்லில் செதுக்கிய சிற்பங்களை 1981-ல் மான்ட்ரியலுக்குக் கொண்டுபோய் விற்று, வீடியோ கேமரா வாங்கிவந்தார். ஊர்ப் பெரியவர்கள் பலர் சொன்ன கதையைச் சேர்த்துவைத்து அவர் எடுத்த 'அட்டனார்ஜுவாட்', முழுக்க இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழியில் வந்த முதல் கதைப்படம். 2001 கான் விழாவில், அறிமுக இயக்குநருக்கான தங்கக் கேமரா விருது அதற்குத்தான்.