தோற்றவருக்கும் சிரிப்பு! குஸ்தி வீரர்களின் தமாஷ் போட்டியில் இருக்கும் ரகசியம்

குஸ்தி என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது முறுக்கிய மீசை, தொடை தட்டல், "வாடா பார்க்கலாம்" என்ற சவால்!

ஆனால் ஒரே வாத்தியாரிடம் பழகும் வீரர்கள் தங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொள்ளும்போது தொடை தட்டல் கிடையாது. கேலியும் சிரிப்பும்தான்.

இந்தப் போட்டியில் பிடி இல்லை, பூட்டு இல்லை. யார் அதிக தண்டால் எடுப்பது? யார் கயிற்றில் முதலில் ஏறுவது? யார் கூட்டாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு முதலில் ஓடி முடிப்பது? இதுதான் பந்தயம்.

"வெறும் தமாஷ்தானே, இதில் என்ன இருக்கு?" என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. புதுச்சேரிக்கு இது புதிய சங்கதியும் அல்ல.

பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே...

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. 1945-ம் ஆண்டு வங்காளத்தில் இருந்து ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார், பிரணாப் குமார் பட்டாச்சாரியா. கட்டுமஸ்தான இளைஞர். ஆசிரமத்தின் உடற்பயிற்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 2010-ல் காலமான அவர், அதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தவர்.

ஓட்டம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, ஜூடோ, குஸ்தி என்று ஒவ்வொன்றாக மைதானத்துக்கு வந்தன. சிறுவர் முதல் பெரியவர் வரை குழு குழுவாகப் பிரிந்து பயிற்சி. போட்டியும் தங்களுக்குள்தான்!

பெண்களும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். அந்த நாளில் அது ஊரே வாயில் விரல் வைக்கும் புதுமை.

ஸ்ரீஅன்னையோ 70 வயதைத் தாண்டிய பிறகும் டென்னிஸ் மட்டையைக் கீழே வைக்கவில்லை. மைதானத்தில் அவர் கையால் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை கிடைக்கும்.

ஆசிரமப் பள்ளி தொடங்கியது 1943-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி. அந்தத் தேதியில் ஆண்டுதோறும் பெரிய உடற்பயிற்சிக் காட்சி நடத்தும் வழக்கமும் வளர்ந்தது.

அரவிந்தர் சொன்னது என்ன?

1949 பிப்ரவரி 21-ந்தேதி ஆசிரமம் உடற்பயிற்சிக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியது. முதல் இதழுக்கு ஸ்ரீஅரவிந்தர் செய்தி எழுதினார்.

யோகத்தைப் பற்றி எழுதுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். நல்ல விளையாட்டுக்காரனின் குணம் என்ன என்று விளக்கினார். எதிராளியிடம் நட்பு வேண்டும். விதியை மீறக் கூடாது. நடுவர் தீர்ப்பை முணுமுணுக்காமல் ஏற்க வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் முகம் கோணக் கூடாது. அவர் கருத்தின் சாரம் இதுதான்.

குஸ்திக்காரனுக்கு இது வெறும் உபதேசம் அல்ல, பிழைப்பு! ஓட்டக்காரன் தனியாக ஓடிப் பழகலாம். குஸ்திக்காரன் தனியாகப் பழக முடியாது. கூட்டாளி கோபித்துக்கொண்டு போனாலோ, கை ஒடிந்து படுத்தாலோ, இவன் பயிற்சியும் அன்றோடு சரி.

ஒல்லி ஜெயிப்பார், குண்டு தோற்பார்

பிடி போடாத போட்டியில் இன்னொரு வேடிக்கை. மேடையில் 57 கிலோ ஆசாமி 125 கிலோ பயில்வானோடு மோதவே முடியாது. இங்கே மோதலாம்!

கயிறு ஏறுவதில் ஒல்லி ஆள் குரங்கு மாதிரி உச்சிக்குப் போய்விடுவார். தன் எடையைத் தானே தூக்க வேண்டும் அல்லவா? பாரம் அதிகம் உள்ளவர் பாதியில் தொங்குவார். "என்ன அண்ணே, இறங்க ஏணி கொண்டு வரவா?" என்று கீழே கிண்டல் பறக்கும்.

வடம் இழுக்கும்போது கதை மாறும். அதே பெரியவர் காலை ஊன்றி நின்றால் நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அதனால்தான் அணி பிரிக்கும்போது கனமானவரையும் லேசானவரையும் கலந்து போடுவது நல்லது.

கடைசி நிமிடத்து 'தம்'

மேடைக் குஸ்தி என்பது 3 நிமிடம் வீதம் 2 சுற்று. நடுவே 30 விநாடி ஓய்வு. கேட்க சுலபம். கடைசி நிமிடத்தில் மூச்சு முட்டும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்துக்கான பந்தயத்தில் சாக்ஷி மாலிக் முதலில் 0-5 என்று பின்தங்கினார். "போச்சு" என்று பலர் நினைத்தார்கள். இரண்டாவது சுற்றில் விட்டதைப் பிடித்து, கடைசி விநாடிகளில் 8-5 என்று ஜெயித்தார். இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த முதல் குஸ்தி வீராங்கனை அவர்.

அந்த 'தம்' தண்டாலிலும் பஸ்கியிலும் சேர்த்துவைத்த சொத்து. தனியாக 50 பஸ்கி போட்டாலே சலிப்பு வரும். பக்கத்தில் ஒருவன் எண்ணிக்கொண்டே போட்டால் இன்னும் 20 தானாக வரும்!

எடை குறைப்பு ஆபத்து

வேறொரு போட்டியும் உண்டு. அது உயிரோடு விளையாடும் போட்டி. எடைப் பிரிவுக்குள் நுழைய, தண்ணீர் குடிக்காமல் வியர்க்க வியர்க்க உடம்பை வற்றவைப்பது.

1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி வீரர்கள் இப்படிச் செய்து சுமார் ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் கடுமையாயின.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் இறுதிப் பந்தயம் வரை வந்த வினேஷ் போகத், வெறும் 100 கிராம் கூடியதால் வெளியேற்றப்பட்டார். முந்தின இரவு முழுக்க எடை குறைக்கப் பாடுபட்டும் பலன் இல்லை.

தமாஷ் போட்டியில் தராசுக்கு வேலை இல்லை. உடம்பை வற்றவைத்தவன் முதல் சுற்றிலேயே தள்ளாடுவான். தண்ணீர் குடித்து, வயிறாரச் சாப்பிட்டு வந்தவன் ஜெயிப்பான். யாருக்குக் கால் தளர்கிறது, யாருக்குத் தலை சுற்றுகிறது என்பது வாத்தியார் கண்ணில் தப்பாது.

தோற்ற அணிக்கு என்ன தண்டனை? மெத்தையைத் துடைக்கச் சொல்லலாம். அதுவும் நல்லதுக்குத்தான். அழுக்கு மெத்தையில் படர்தாமரை போன்ற தோல் வியாதி ஒருவரிடம் இருந்து எல்லோருக்கும் பரவும்.

துடைத்து முடித்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். மறுநாள் மல்லுக்கட்ட ஆள் வேண்டுமே!