கதை போகும் வழி, ஆடுபவர் போகும் வழி

பழைய வீடியோ கேம் ஒன்றைப் புதிதாக எடுப்பவர்கள் படத்தையும் ஒலியையும் மெருகேற்றுவதோடு இன்னொரு கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும்: ஆடுபவரை எவ்வளவு தூரம் அவர் இஷ்டத்துக்குத் திரிய விடுவது? சினிமா ரீமேக்கில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. பார்ப்பவர் நாற்காலியில் இருப்பார். காட்சிகள் இயக்குநர் அடுக்கிய வரிசையில் வந்து போகும். கேமில் கதாநாயகனின் கால்கள் ஆடுபவரின் கையில் இருக்கின்றன. அவர் எதிரியைத் துரத்தலாம், துரத்தாமல் ஆற்றங்கரையில் நின்றுகொண்டும் இருக்கலாம்.

கதை சொல்லும் கேம்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். நேர்கோட்டுக் கேமில் ஒரு இடம் முடிந்தால்தான் அடுத்த இடம். திருப்பங்கள் வடிவமைப்பாளர் நினைத்த நேரத்தில் வந்து விழும். ஓப்பன் வேர்ல்டு கேமில் ஊர் முழுக்கத் திறந்து கிடக்கும். மதுரை உட்படத் தமிழகத்து ஊர்களில் 2000-களில் பிரவுசிங் சென்டருக்குப் போய் 'ஜிடிஏ வைஸ் சிட்டி' ஆடியவர்களுக்கு இரண்டாவது வகையின் ருசி நன்றாகத் தெரியும். 2002-இல் வந்த அந்தக் கேமில் ஒரு மிஷனைக்கூட முடிக்காமல் பைக்கில் ஊர் சுற்றியே பொழுதைக் கழிக்கலாம். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கும் எல்லை இருந்தது. தொடக்கத்தில் புயல் எச்சரிக்கை என்று சொல்லிப் பாலங்களை அடைத்து வைத்திருப்பார்கள். கதை ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் அக்கரைக்குப் போக முடியும்.

இரண்டு முறைகளுக்கும் விலை உண்டு. நேர்கோட்டில் கதையின் வேகம் குலையாது. ஆனால் ஆடுபவர் கைப்பிடித்து அழைத்துப் போகப்படுகிறார். திறந்த வெளியில் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி கிடைக்கும். ஆனால் அவசரம் என்று கதை சொல்வதை ஆடுபவரின் கை நம்பாது. உலகம் அழியப்போகிறது என்று ஒரு பாத்திரம் கதறும்போது மீன் பிடிக்கப் போகலாம் என்றால், அந்தக் கதறலுக்கு என்ன மதிப்பு?

ரீமேக்கில் இந்த இழுபறி இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் கதை ஏற்கெனவே தெரிந்த கதை. இதற்கு எளிதான தீர்வு கண்டது 'மாஃபியா'. 2002-இல் வந்த அந்தக் கேமில் 1930-களின் அமெரிக்க நகரம் ஒன்று முழுதாக இருந்தது. கதையோ அத்தியாயம் அத்தியாயமாக ஒரே தடத்தில் ஓடியது. 2020-இல் அதை அடியிலிருந்து புதிதாகக் கட்டியபோதும் கதையின் தடத்தை மாற்றவில்லை. ஊர் சுற்ற விரும்புவோருக்குத் தனி வாசல் வைத்தார்கள். கதையும் திரிதலும் ஒன்றோடொன்று மோதவே விடாத ஏற்பாடு அது.

சிக்கலை நேராகச் சந்தித்தது ஜப்பானின் 'ஃபைனல் ஃபேண்டஸி 7'. 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த மூலத்தில் முதல் சில மணி நேரம் மிட்கார் என்ற இரும்பு நகரத்துக்குள் நெருக்கடியாகக் கழியும். நகரத்தை விட்டு வெளியேறியதும் உலக வரைபடம் விரிந்து கிடக்கும். அந்தத் திணறலும் அதன் பின் வரும் பெருமூச்சும்தான் அந்தக் கேமின் பெரிய அனுபவம். 2020-இல் வந்த ரீமேக்கின் முதல் பாகம் மிட்காரோடு நின்றுவிட்டது. சில மணி நேரப் பகுதி முப்பது மணி நேரத்துக்கும் மேலாக நீண்டது. பெரும்பாலும் நேர்கோடுதான்: குறுகிய சந்துகள், பக்கவாட்டில் உடலை ஒடுக்கி நுழையும் இடுக்குகள், இடையிடையே சேரிப் பகுதியில் காணாமற்போன பூனைகளைத் தேடிக் கொடுப்பது போன்ற சில்லறை வேலைகள்.

அதில் ஒரு துணிச்சலான கற்பனையும் உண்டு. கதை 1997-இன் தடத்திலிருந்து விலகப் பார்க்கும்போதெல்லாம் ஆவி போன்ற உருவங்கள் பறந்து வந்து தடுக்கின்றன. மூலத்துக்குக் கட்டுப்பட்ட ரீமேக்கின் நிலைமையே பாத்திரமாகி நிற்கிறது. முடிவில் நாயகர்கள் அந்த உருவங்களோடேயே சண்டை போடுகிறார்கள்.

2024 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகமான 'ரீபர்த்' கதவைத் திறந்துவிட்டது. கல்ம் என்ற சிற்றூரைத் தாண்டியதும் புல்வெளி, அதன் பின் கடற்கரை, பாலைவனம், காடு என்று பெரிய பெரிய வட்டாரங்கள். சோகோபோ என்ற பெரும்பறவையைப் பிடித்துச் சவாரி செய்யலாம். கோபுரங்களை இயக்கினால் சுற்றுவட்டாரத்தில் என்னென்ன உண்டு என்பது வரைபடத்தில் தெரியும். அந்த வெளிகளின் அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கதைப்படி நாயகர்கள் செஃபிரோத் என்ற கொடியவனைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். கறுப்பு அங்கி போட்ட மனிதர்கள் தள்ளாடித் தள்ளாடி அவனை நோக்கி நடக்கிறார்கள். அவர்களைப் பின்தொடர்வதுதான் வழி. அந்த நேரத்தில் கோபுரம் கோபுரமாக ஏறுவதும் சீட்டாட்டப் போட்டியில் உட்காருவதும் துரத்தலின் வேகத்தைக் கரைத்துவிடுகின்றன. எங்கே என்ன இருக்கிறது என்று வரைபடமே புள்ளி வைத்துச் சொல்லிவிட்டால், திரிதலும் வேலைப்பட்டியலாக மாறிவிடும். கொடுத்த சுதந்திரம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அது கதையின் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதில்தான் சறுக்கல்.

தெரிந்த கதையைத் திரும்பச் சொல்லும்போது சுதந்திரத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மதுரை வட்டாரத்தில் நூறாண்டுப் பழக்கம் உள்ள ஒரு கலை பதில் வைத்திருக்கிறது: ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவருடைய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்கள்தான் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கோயில் விழாக்களில் இரவு முழுக்க நடந்துவந்தவை. ஸ்பெஷல் நாடகத்துக்குச் சேர்ந்து ஒத்திகை பார்க்கும் வழக்கமில்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊர் என்று தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டு, அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்வார்கள். அப்படி ஆடியும் நாடகம் குலையாமல் நிற்பதற்குக் காரணம், கதையின் முடிச்சுகள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதே.

'வள்ளி திருமண'த்தில் வள்ளி தினைப்புனம் காக்கப் போக வேண்டும், நாரதர் வர வேண்டும், முருகன் வேடனாகவும் பின்பு கிழவனாகவும் வர வேண்டும், யானை வந்து மிரட்ட வேண்டும், விடிவதற்குள் கல்யாணம் முடிய வேண்டும். இந்த வரிசையில் யாரும் கை வைப்பதில்லை. ஆனால் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தில் கடிவாளம் கிடையாது. நாரதர் புராணத்திலிருந்து ஒரு கேள்வி போடுவார். வள்ளி பதிலும் சொல்லி எதிர்க்கேள்வியும் போடுவார். இடையில் பாட்டு வரும். கூட்டம் ரசித்தால் தர்க்கம் வெகுநேரம் நீளும், சோர்ந்தால் சுருங்கும். நோட்டீஸைப் பார்த்து இன்று வள்ளி யார், நாரதர் யார் என்று விசாரித்துவிட்டு வருபவர்கள் இந்தத் தர்க்கத்துக்காகவே வருகிறார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த இடத்தில் கதைக்கே அவசரம் இல்லை. வள்ளி பரண் மேல் இருக்கிறாள், தினை விளைந்து நிற்கிறது, நாரதர் பேச வந்திருக்கிறார். பேசுவதற்கு நேரம் இருக்கிறது. யானை துரத்தும்போது யாரும் தர்க்கத்தை நீட்டுவதில்லை.

நல்ல ரீமேக்குகளிலும் இதே கணக்கு வேலை செய்கிறது. 1998-இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2'-ஐ 2019-இல் புதிதாக எடுத்தபோது ஆடுபவரை ஒரு காவல் நிலையக் கட்டடத்துக்குள் விட்டார்கள். சாவிகள் கிடைக்கக் கிடைக்க அறைகள் திறக்கும். எந்த வழியாகப் போவது என்பது அவர் இஷ்டம். ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு தொப்பி வைத்த ராட்சதன் ஒருவன் கனத்த காலடியோடு கட்டடம் முழுக்கத் தேடி அலைவான். காலடி ஓசை மாடியில் கேட்கிறதா, பக்கத்து அறையிலா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடக்க வேண்டும். சுதந்திரம் அப்படியே இருக்க, அவசரம் அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

திரியவே இடம் தராத கேமும் தமிழரிடமிருந்து வந்திருக்கிறது. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', 1980-களின் கடைசியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. ரீமேக் இல்லை, பெரிய உலகமும் இல்லை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி செய்வதில் தொடங்கி, சில அத்தியாயங்களில் பல ஆண்டுகள் ஓடிவிடும். ஆண்டுகள் தாண்டித் தாண்டிப் போவதுதான் கதையே என்பதால், அங்கே திறந்த வெளி இருந்திருந்தால் கதையைக் கெடுத்திருக்கும். 2024-இல் அது அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்றது.

'ஃபைனல் ஃபேண்டஸி 7' ரீமேக்கின் மூன்றாம் பாகத்துக்கு முன்னால் மூலத்தின் மிகக் கடினமான இடம் காத்திருக்கிறது. அங்கே வானத்தில் ஒரு விண்கல் உலகத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் ஆடுபவர் கையில் ஒரு பறக்கும் கப்பல் கிடைத்திருக்கும், நினைத்த இடத்துக்குப் போகலாம். 1997-இல் பலர் அந்த விண்கல்லின் அடியிலேயே உட்கார்ந்து பொறுமையாகச் சோகோபோ வளர்த்தார்கள். அன்று சின்ன உருவங்களும் எழுத்து வசனமுமாக இருந்ததால் அது பெரிதாக உறுத்தவில்லை. முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும் இன்றைய படத்தில், குரல் நடுங்கப் பேசும் பாத்திரங்களை வைத்துக்கொண்டு, அதே இடத்தை எப்படி எடுப்பார்கள் என்பதுதான் ரீமேக் செய்பவர்களுக்கு இப்போதுள்ள உண்மையான சோதனை.