கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்கள்

1942ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு. காலை எட்டு மணியளவில் யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின்மீது குண்டுமாரி பொழிந்தன. அருகேயுள்ள கொட்டாஞ்சேனை அதிர்ந்தது. வெள்ளவத்தைக்குத் தெற்கே இரத்மலானை விமான நிலையமும் தாக்குண்டது. அங்கொடை மனநோய் வைத்தியசாலையையுங் குண்டுகள் விட்டுவைக்கவில்லை.

எதிரிக் கப்பல்களை முதல்நாளே கண்ட கனேடிய விமானி பேர்ச்சல் செய்தி அனுப்பியிருந்தார். குதிரைப்பந்தயத் திடலில் அமைந்த விமானத்தளத்தையோ யப்பானியர் அறியார். இருந்தும் அவர்கள் இழந்தவை 7 விமானங்களே. பிரித்தானியர் இழந்தவை இருபதுக்கு மேற்பட்டவை.

இத்துணை வல்லமை வாய்ந்த படை இரண்டரை ஆண்டுகளுள் நலிந்தது எவ்வாறு?

அவ்விமானங்களை ஏற்றி வந்தவை அக்காகி, சோரியூ, ஹிரியூ, ஷோக்காக்கு, சுயிக்காக்கு என்னும் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். முதல் மூன்றும் இரண்டு மாதங்களுக்குள் மிட்வே சமரில் மூழ்கின. ஆயினும் கப்பல்களின் அழிவே காரணமென்பது முழு உண்மையன்று. தேர்ந்த விமானிகளிற் பெரும்பாலோர் அதன் பின்னர் சொலமன் தீவுகளிலேயே மாண்டனர். அனுபவசாலிகளை அமெரிக்கர் தாயகத்துக்கு அழைத்து மாணவருக்கு ஆசிரியராக்கினர். யப்பானியரோ அவர்களைச் சாகும்வரை போர்முனையிலேயே வைத்திருந்தனர். விதைநெல்லைக் குற்றி உண்ட கதைதான் இது! எண்ணெய்க் கப்பல்களை நீர்மூழ்கிகள் அழித்தமையாற் புதியவர்கள் பழகுவதற்கும் பெற்றோல் போதவில்லை.

ஜேர்மனியிலும் இதே நிலைதான். அந்நாட்டுத் தொழிற்சாலைகள் மிகுதியான விமானங்களைச் செய்த ஆண்டு 1944. அவ்வாண்டு மே மாதந்தொட்டு அமெரிக்கர் செயற்கை எண்ணெய் ஆலைகளைத் தகர்க்கவே, புதிய விமானங்கள் தரையிற் கிடந்தன. அரைகுறைப் பயிற்சியுடன் இளைஞர் வானிலேறினர்.

1944 ஜூன் மாதம் பிலிப்பைன் கடற்சமரில் யப்பான் முந்நூறுக்கு மேற்பட்ட விமானங்களை இழந்தது. ஷோக்காக்குவும் அங்கே மூழ்கியது. எஞ்சிய சுயிக்காக்குவுக்கு நேர்ந்ததே மிகப் பரிதாபம். அவ்வாண்டு ஒக்டோபரில், அமெரிக்கக் கப்பற்படையை வடக்கே இழுப்பதற்குத் தூண்டிலிரையாகவே அது அனுப்பப்பட்டது. கப்பல் இருந்தது, ஏற்றிச்செல்லப் போதிய விமானங்களோ, இயக்கத் தேர்ந்த விமானிகளோ இல்லை. 25ஆந் திகதி அதுவும் கடலுள் அமிழ்ந்தது. குண்டேற்றிய விமானத்தோடு கப்பலின்மேல் மோதி மடியும் தற்கொலை விமானிகள், அமெரிக்காவின் சென் லோ என்னுங் கப்பலை மூழ்கடித்ததும் அதே நாளில்தான். குறிபார்த்துக் குண்டெறிந்து மீளப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். மோதி மடிய அவ்வளவு தேவையில்லையல்லவா?