பழியெல்லாம் நடுவர் தலையிலா?

காற்பந்து பார்த்துவிட்டு நடுவரைத் திட்டாதவர் நம்மில் யார்? ரக்பி ரசிகர்களும் நம்மைப் போலத்தான், வாசகர்களே!

2023 அக்டோபர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரையடுத்து நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், தென்னாப்பிரிக்கா 12–11 என நியூசிலாந்தை வென்றது. ஒரே புள்ளி!

எதிராளியின் தலையில் மோதியதற்காக நியூசிலாந்துக் குழுத் தலைவர் சாம் கேன் சிவப்பு அட்டையுடன் வெளியேறினார். பிற்பாதியில் தென்னாப்பிரிக்கத் தலைவர் கொலிசியும் தலையில் மோதினார். அவருக்கோ மஞ்சள் அட்டைதான். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டார். ஆபத்து குறைவு என்பது அதிகாரிகளின் தீர்ப்பு. "இதென்ன நியாயம்?" என்று நியூசிலாந்து ரசிகர்கள் கொதித்தார்கள். போதாக்குறைக்கு, ஆரன் ஸ்மித் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றியதும், முன்னமே பந்து கைநழுவியதென்று படம் பார்த்து ரத்துச் செய்யப்பட்டது.

கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கையும் பாருங்கள். நியூசிலாந்து பின்னர் ஐந்து புள்ளி பெற்றபோது, அதற்கான கூடுதல் உதை தவறியது. இரண்டு புள்ளி போயிற்று. கடைசி நிமிடங்களில் தண்டனை உதையும் தவறியது, மூன்று போயிற்று. எதிரணியின் போலார்டோ நான்கு தண்டனை உதைகளில் 12 புள்ளியும் சேர்த்தார். டு டாய்ட் 28 முறை எதிராளிகளைப் பிடித்து வீழ்த்தினார்!

நடுவர் வேன் பார்ன்ஸ் சில நாளில் ஓய்வு பெற்றார். நடுவர்களின் குடும்பத்தாரைக்கூட விட்டுவைக்காத வசவுகளையும் மிரட்டல்களையும் அப்போது அவர் சொல்லாமல் விடவில்லை.