வளர்த்த வாயில்லா உயிர் யாருக்கு உரியது?

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தே அமைந்த நல்லதண்ணியில், தோட்ட லயமொன்றில் வாழ்ந்த கணவனும் மனைவியும் பிரிந்தனர். பாத்திர பண்டங்களைப் பெரியோர் கூடிப் பங்கிட்டனர். பிள்ளைகள் தாயோடு இருப்பர் என்பதும் முடிவாயிற்று. எஞ்சியது ஒரு நாய்.

"குட்டியா மடியில கட்டிக் கொண்டாந்தது நான்தானுங்க" என்றான் அவன். "கொண்டாந்தவரு அவரு, ஆறு வருசமாச் சோறு வச்சவ நானுங்க ஐயா" என்றாள் அவள். கூடியிருந்தோர் சிலர் நகைத்தனர். எனக்கு நகைப்பு எழவில்லை.

இது நகைப்புக்குரிய வழக்காயின் பெரிய நீதிமன்றங்களும் இதனை ஏற்றிரா. பம்பாய் பாந்திரா மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 2023ஆம் ஆண்டில், கணவனைப் பிரிந்த பெண்மணி ஒருவருக்கு மாதம் 50,000 ரூபா இடைக்கால ஜீவனாம்சம் விதித்தது. அவர் வளர்க்கும் மூன்று நாய்களுக்காகவும் பணம் கேட்டல் தகாது என்று கணவர் வாதித்தார். முறிந்த உறவினால் நேரும் மனவெறுமையை நிரப்பும் வளர்ப்பு உயிர்களும் நல்வாழ்வின் ஒரு கூறே எனக் கூறி, நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிற்று. இந்தியப் பாராளுமன்ற உறுப்பினர் மகுவா மொய்த்ரா, 'ஹென்றி' என்னும் நாயின் பொருட்டு, தம்மைப் பிரிந்த வழக்கறிஞர் ஒருவர்மீது தொடுத்த வழக்கும் 2025இல் டில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இதில் சட்டத்துக்குள்ள இடர்ப்பாடு யாது? பழைய உரோமச் சட்டம் விலங்கைப் பொருள் என வகுத்தது. இலங்கையில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டமும் அம்மரபில் வந்ததே. பொருளாயின், அதனைப் பெற்றவர் யார் என்பதே முதல் வினாவாகும். அது யாரிடம் நலமாக வாழும் என்பது வினாவாகாது. 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் கொடுமையைத் தண்டிக்கப் பிறந்தது. பிரிவின்போது பராமரிப்பை வகுக்கப் பிறந்ததன்று. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 2017 முதலும், ஸ்பெயினில் 2022 முதலும், மணமுறிவின்போது விலங்கின் நலனையும் நீதிபதி கருதுமாறு சட்டம் அமைந்துள்ளது.

தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் வகுத்தபோது, விலங்கை ஐயறிவுடைய உயிராக வைத்தார். நமக்கும் அதற்கும் இடையே உள்ளது ஓரறிவே. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, சோழன் எழுந்து வந்த வரலாற்றைச் சேக்கிழார் பாடினார். பசுவும் முறையிடலாம் என்று ஏற்ற மரபு அன்றோ நம்முடையது!

ஆதலின், பிரிவோர் கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. நாள்தோறும் உணவளித்தவர் யார்? நோயுற்றபோது உடனிருந்தவர் யார்? இனி எவரிடம் இடமும் நேரமும் உள? மற்றவரை வருத்துதற்கு அவ்வுயிரைக் கருவியாக்குதல் அறமாகாது.

நல்லதண்ணியில் அவன் நாயைக் கயிற்றாற் கட்டித் தன் புதிய இருப்பிடத்துக்குக் கொண்டு சென்றான். இரண்டு நாள் அது உணவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவனே அதனை அழைத்துவந்து, அவள் வாயிலில் கயிற்றை அவிழ்த்தான். "ஞாயித்துக்கிழம வந்து பாத்துட்டுப் போறேன்" என்றான். அவள் மறுக்கவில்லை.

பொருளென்று மட்டும் எண்ணியிருந்தால், அவன் அதனைக் கட்டியே வைத்திருப்பான்.