நம் பிள்ளைகள் யாருடைய குரலைக் கேட்கின்றனர்?

ஓர் இல்லத்தின் பண்பாட்டை அறிய விரும்புவோர், அவ்வில்லத்தார் உண்பதையும் உடுத்துவதையும் மட்டும் பார்த்தால் போதாது. ஓய்ந்திருக்கும் நேரத்தில் அவர்கள் எதைக் கேட்கின்றனர், எதைக் காண்கின்றனர் என்பதையும் நோக்க வேண்டும். வேலை நேரத்தில் மனிதன் கடமைக்குக் கட்டுப்பட்டிருக்கிறான். ஓய்வு நேரத்திலோ அவன் உள்ளம் தன் விருப்பம்போல் மேய்கிறது. பிள்ளைகளின் மனம் பெரும்பாலும் உருப்பெறுவது அந்த நேரத்தில்தான்.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்ப் பகுதியில் மதரஸாவில் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். கல்லூரியில் கலைப் பாடம் பயின்றவனும் ஆவேன். இவ்விரு அனுபவங்களையும் துணையாகக் கொண்டு, கேளிக்கை என்னும் பொருள் பற்றிச் சில எண்ணங்களை வாசகப் பெருமக்களின் முன் வைக்க விழைகிறேன்.

வீடு முழுவதும் கேட்ட குரல்

எங்கள் இளமைக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரு வானொலிப் பெட்டி. வெளிநாடு சென்று திரும்பியவர்களின் வீடுகளில் ஒரு டேப்ரிக்கார்டரும் இருக்கும். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளுக்குக் கடல் கடந்து இங்கும் நேயர்கள் இருந்தனர். நோன்புக் காலத்தின் ஸஹர் வேளையிலும், பெருநாள் காலையிலும், திருமண வீட்டின் ஒலிபெருக்கியிலும் தவறாது ஒலித்த குரல் ஒன்றுண்டு. அது 'இசைமுரசு' நாகூர் இ.எம். ஹனீஃபாவின் குரல்.

1919ஆம் ஆண்டு பிறந்து, 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த அப்பெரியார், திராவிட இயக்க மேடைகளிலும் மார்க்க மேடைகளிலும் ஒருங்கே முழங்கியவர். திரைப்படங்களில் அவர் பாடியவை மிகச் சிலவே. சினிமாவின் தயவு பெரிதும் இன்றியே தமிழகம் எங்கும் அறியப்பட்ட குரல் அவருடையது. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற பாடலை இயற்றியவர் ஆர். அப்துல் ஸலாம். அப்பாடல் நம் இல்லங்களோடு நின்றுவிடவில்லை. பிற சமய அன்பர்களின் திருமண வீட்டு மைக்செட்டிலும் அது ஒலித்தது. நம்மைப் பற்றி அயலார் அறிந்துகொள்ள எத்தனையோ சொற்பொழிவுகள் செய்யாத பணியை அந்த ஒரு பாடல் செய்தது எனலாம்.

இசைக்கருவிகள் குறித்து உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்தை இங்கு விரிக்க நான் முற்படவில்லை. நான் சுட்ட விரும்புவது வேறொன்று. அந்தக் குரல் ஒலித்தபோது வீட்டார் அனைவரும் அதைச் சேர்ந்து கேட்டனர். அடுப்படியில் இருந்த தாயும், திண்ணையில் இருந்த பாட்டனாரும், பாயில் அரைத்தூக்கத்தில் இருந்த பிள்ளையும் ஒரே சொற்களைக் கேட்டனர். புரியாத சொல்லுக்குப் பிள்ளை பொருள் கேட்டது, பெரியவர் சொன்னார். பாடலின் வழியே நபிமார்களின் வரலாறும் நல்ல தமிழும் ஒருசேர உள்ளத்தில் இறங்கின.

பின்னர் காலம் மாறிற்று. 1993ஆம் ஆண்டு சன் தொலைக்காட்சி வந்தது. 2006ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால், வாங்க இயலாத வீடுகளிலும் பெட்டி வந்து அமர்ந்தது. 2016ஆம் ஆண்டுக்குப் பின் இணைய வசதி மலிவாகவே, கைப்பேசி ஒவ்வொருவர் கைக்கும் தனித்தனியே வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியாவது கூடத்தில் இருந்தது. என்ன ஓடுகிறது என்று தாய்க்குத் தெரியும். காதில் கருவியைச் செருகிக்கொண்டு போர்வைக்குள் பிள்ளை காண்பதை யார் அறிவார்? ஒரே கூரையின்கீழ் ஐவர் இருக்க, ஐவரும் ஐந்து உலகங்களில் வாழும் நிலை வந்துவிட்டது.

திரையில் தெரியும் நம் முகம்

ஒருநாள் பாடம் முடிந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், படத்துல குண்டு வைக்கிறவங்களுக்கெல்லாம் ஏன் நம்ம பேரையே வைக்கிறாங்க?"

அவன் கோபத்தோடு கேட்கவில்லை, அழவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் பிள்ளைகள் ஏதோ ஒரு படத்தின் வில்லன் பெயரால் அவனை அழைக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. "கதை எழுதுகிறவர்தாம் பெயர் வைக்கிறார், தம்பி. நீ நன்றாகப் படித்து ஒரு கதை எழுது, அதில் வரும் நல்லவனுக்கு உன் பெயரை வை" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சென்றான். எனக்கோ அவ்வளவு எளிதாக மனம் அமைதி பெறவில்லை.

தமிழ்த் திரை எப்போதும் இவ்வாறே இருந்ததன்று. விழுப்புரத்தின் பெயரைத் தம் முதலெழுத்தில் தாங்கிய வி.சி. கணேசன் என்னும் சிவாஜி கணேசன், 1961ஆம் ஆண்டு வெளியான 'பாவ மன்னிப்பு' படத்தில் ரஹீம் என்னும் முஸ்லிம் இளைஞராகத் தோன்றினார். இந்துக் குடும்பத்தில் பிறந்து, முஸ்லிம் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்பட்ட நற்பண்பாளர் அந்த ரஹீம். அதே படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு ஹனீஃபாவும் ஒரு பாடலைப் பாடினார். அந்நாளில் அப்படத்தைப் பார்த்த சிறுவனுக்கு ரஹீம் என்ற பெயர் நல்லவன் ஒருவனின் பெயராகவே மனத்தில் பதிந்திருக்கும்.

1992ஆம் ஆண்டு 'ரோஜா' வந்தது. காஷ்மீரத் தீவிரவாதம் அதன் களம். 1995இல் வந்த 'பம்பாய்', கலவரத்தின் கொடுமையைச் சொல்ல முயன்றதாயினும் கடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்துக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழக அரசு தடை விதித்தது. சில இடங்களில் ஒலியை நீக்க இசைவு ஏற்பட்டு, பிப்ரவரி 7ஆம் நாள் இங்கு அப்படம் வெளியாயிற்று. இப்படங்களை எடுத்தோர் அனைவரும் பகையுணர்வு கொண்டவர் என்று நான் கூற மாட்டேன். ஆனால், தொழுகைப் பாயையும் துப்பாக்கியையும் ஒரே சட்டகத்தில் மீண்டும் மீண்டும் காட்டினால், காண்போர் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒரு படம் செய்யாததைப் பல படங்களின் வரிசை செய்துவிடும்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டு வெளியான 'மாநாடு' படத்தின் நாயகன் அப்துல் காலிக். ஒரு கொலைப் பழியை முஸ்லிம் ஒருவர்மீது சுமத்தும் சதியை முறியடிக்கப் போராடுபவனாக அவன் காட்டப்படுகிறான். எனவே நம்மைப் புரிந்துகொள்ளும் கலைஞர்கள் அறவே இல்லை என்று புலம்புவது நீதியாகாது.

மார்க்கம் மகிழ்ச்சியைத் தடுக்கிறதா?

இவ்வளவு தீங்கு இருப்பதால் கேளிக்கை என்ற சொல்லையே வீட்டைவிட்டு விரட்டிவிடலாம் என்போர் உளர். அவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தை நினைவுகூர்வோம். பெருநாளன்று இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தபோது அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்துகொள்ள, அவர்களை விட்டுவிடுமாறு பெருமானார் கூறிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. மஸ்ஜிதில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நிகழ்த்த, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை அதைக் காண உடன் நின்றார்கள் என்றும் அறிகிறோம். கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்களின் கவிதைக்கு அங்கே இடம் இருந்தது. எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் மகிழ்ச்சியும் உண்டு. பிள்ளையின் அருகே பெரியவர் நின்று காணும் மகிழ்ச்சி அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் தமிழ் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். உமறுப் புலவர் நபிகளாரின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் 'சீறாப்புராண'மாகப் பாடினார். அதைப் பாடக் கேட்டு, பொருள் விளங்கி மகிழ்ந்த சபைகள் நம்மிடையே இருந்தன. நம் காலத்தில் தோப்பில் முஹம்மது மீரான், கடலோர முஸ்லிம் மக்களின் வாழ்வைக் குறைநிறைகளோடு எழுதி, 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்றார். இவர்கள், பிறர் நம்மை எழுதட்டும் என்று காத்திருக்கவில்லை.

இல்லமும் மஹல்லாவும் செய்யத்தக்கவை

"பார்க்காதே" என்ற ஒரு சொல்லோடு கடமை முடிந்துவிட்டதாகப் பெற்றோர் கருதலாகாது. தடுக்கப்பட்ட பிள்ளை நண்பன் வீட்டில் பார்ப்பான். அப்போது அவனுக்கு விளக்கம் சொல்ல அருகில் நாம் இருக்க மாட்டோம். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வீட்டிலுள்ள அனைவரும், பெரியவர்கள் உட்பட, கைப்பேசியை ஓரிடத்தில் வைத்துவிடலாம். தந்தை தம் கைப்பேசியை விடாமல் மகனுடையதைப் பறித்தால், அந்தச் சட்டம் ஒரு வாரமும் நிலைக்காது.

காண்பதைச் சேர்ந்து காணுங்கள். கண்டபின் பேசுங்கள். இக்கதையில் யார் இழிவாகக் காட்டப்பட்டார்? அது நியாயமா? நம்மைத் தவறாகக் காட்டும்போது துடிக்கும் நாம், பெண்களையும், ஏழைகளையும், உடல் ஊனமுற்றோரையும், பிற சமயத்தாரையும் கேலி செய்யும் காட்சிக்குச் சிரிக்கிறோமா? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்ய வேண்டாம் என்று சூரத்துல் ஹுஜுராத் கற்பிப்பது நமக்கும்தான். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அதே அத்தியாயம் இடும் கட்டளை, கைப்பேசியில் வரும் ஒவ்வொரு வதந்திக்கும் பொருந்தும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். மீலாது விழாவுக்குப் பந்தலும் ஒளி விளக்குகளும் அமைக்கும் செலவில் ஒரு பகுதியை நூலகத்துக்கு ஒதுக்குங்கள். கிராஅத் போட்டியோடு கதை எழுதும் போட்டியும், கவிதைப் போட்டியும் பெண்பிள்ளைகளையும் சேர்த்து நடத்துங்கள். ஒளிப்படம் எடுக்கத் தெரிந்த இளைஞனை வீணன் என்று ஒதுக்காமல், உங்கள் ஊர் முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நாம் வாய்மூடி இருந்தாலும் நம் பிள்ளைகளின் செவி மூடியிருப்பதில்லை. ஏதோ ஒரு குரல் அதனுள் சென்றுகொண்டே இருக்கிறது. அக்குரல்களுள் தாயின் குரலும் தந்தையின் குரலும் நம் புலவர்களின் குரலும் இருக்கச் செய்வது நம் கையில் உள்ளது. அதற்கான பொறுமையையும் நல்லறிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.